விலை குறைந்த திறன்பேசி: நோயாளி வீட்டின் கணக்கு

மருத்துவமனையின் உதவி மேசையில் நாள்தோறும் எழும் கேள்விகள் பெரும்பாலும் மருந்து, படுக்கை, காப்பீடு ஆகியவற்றைப் பற்றியவை. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "அம்மாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். குறைந்த விலையில் எது நல்லது, சொல்லுங்கள் சிஸ்டர்" என்று, இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் மகன் கேட்கிறார். அவருடைய தாயார் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் இங்கு வருபவர். பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் வரும் என்று நாங்கள் சொன்னதால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

ஆகவே அதற்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கும் உண்டு. செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் ஆகியோர் சேர்ந்து நடத்தும் இந்த மடலின் குழுவினராகிய நாங்கள் கைப்பேசி வல்லுநர்கள் அல்லர். எனினும் நோயாளிகளின் வீட்டில் அந்தக் கருவி எதற்குப் பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அன்றாடம் பார்த்து வருகிறோம்.

நம்முடைய ஊர் பொருள்களை உருவாக்கும் ஊர். கைக்கடிகாரம், இருசக்கர வண்டி, லாரி என்று ஓசூரில் செய்யப்பட்டு நாடெங்கும் போவன பல. இப்போது ஓசூருக்கு அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடுகளும் செய்யப்படுகின்றன. உலகின் விலையுயர்ந்த கைப்பேசி ஒன்றின் உடல் நம் மாவட்டத்தில் உருவாகிறது. அதை உருவாக்கும் கைகள் தம் வீட்டுக்கு வாங்க எண்ணுவதோ எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் ஒன்றை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் கைப்பேசிக்குப் போகும் ஒவ்வொரு நூறு ரூபாயும் மருந்துக்கோ பயணத்துக்கோ போயிருக்கக்கூடிய நூறு ரூபாய். அதனால்தான் அந்த விலையை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலிவு என்ற சொல் நம்மை ஏமாற்றிய வரலாறு உண்டு. 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஒரு திறன்பேசி என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. நாடெங்கும் மக்கள் முன்பதிவு செய்ய முண்டியடித்தனர். பெரும்பாலோருக்குக் கருவி வந்து சேரவே இல்லை. திரை, மின்கலம், சில்லு ஆகியவற்றின் அடக்கவிலைக்கே போதாத தொகை அது என்று அன்றே பலர் எச்சரித்தனர். பிறகு 2021 நவம்பரில் ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஜியோபோன் நெக்ஸ்ட் என்ற திறன்பேசியை 6,499 ரூபாய்க்குக் கொண்டுவந்தன. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் மொழிபெயர்க்கும் வசதியும் அதில் இருந்தன. படிக்கத் தெரியாத முதியவருக்கு அவை மெய்யாகவே உதவக்கூடியவை. ஆனால் 1,999 ரூபாய் முன்பணம் கொடுத்தால் போதும் என்ற விளம்பர வரிக்குப் பின்னால் 501 ரூபாய் பதிவுக் கட்டணமும், பதினெட்டு அல்லது இருபத்து நான்கு மாதத் தவணையும் இருந்தன. முதற்கதை நம்பமுடியாத விலையை நம்பாதே என்று சொல்கிறது. இரண்டாவது கதை, விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண் முழு விலை ஆகாது என்று சொல்கிறது.

இப்போது மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறோம். 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி என்ற திறன்பேசி 8,499 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதில் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் இருந்தன. 128 ஜிபி சேமிப்பு வேண்டுமென்றால் 9,499 ரூபாய். இதை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நாங்கள் சொல்லவில்லை. இந்த விலையில் வரும் கருவிகளை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று காட்ட இது ஏற்ற எடுத்துக்காட்டு; அவ்வளவே.

முதலில் நன்மைகள். திரை 6.88 அங்குலம். பார்வை மங்கிய நோயாளி எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மருந்தின் பெயரைப் படிக்க இவ்வளவு பெரிய திரை உதவும். மின்கலம் 5,160 எம்ஏஎச். அழைப்பும் வாட்ஸ்அப்பும் மட்டும் பயன்படுத்துவோருக்கு ஒரு பகல் முழுதும் தாராளமாகத் தாங்கும். வார்டில் சார்ஜருக்கு இடம் தேடி அலைபவர்களுக்கு இதன் அருமை தெரியும். காதுக்கருவி செருகும் துளையும் உண்டு. கேட்கும் திறன் குறைந்த தாத்தா, பக்கத்துப் படுக்கைக்காரரின் உறக்கம் கெடாமல் பேரனோடு பேசலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்ட்ராய்டு புதுப்பிப்பும் நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் ஒரே கருவியில் இருக்கும்போது இந்தக் கடைசிச் செய்தி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இனிக் குறைகள். பெரிய திரையும் பெரிய மின்கலமும் சேர்ந்ததால் எடை 200 கிராமுக்கு மேல். பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை தளர்ந்தவருக்கோ மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்தவருக்கோ இது எளிதில் பிடிபடாது. விளம்பரத்தில் 8 ஜிபி நினைவகம் என்று இருக்கும். அதில் மெய்யான நினைவகம் பாதிதான். மீதி, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டப்படும் எண். பின்புறக் கேமரா 50 மெகாபிக்சல் என்பதும் பெரிய செய்தி அன்று. ஆறிவரும் புண்ணைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்ப நல்ல வெளிச்சமும் நடுங்காத கையும் வேண்டும். 13 மெகாபிக்சலே அதற்குப் போதும்.

மிகப் பெரிய குறை பெயரிலேயே ஒளிந்திருந்தது. 5ஜி என்ற எழுத்து பெட்டியின் மீது இருந்தது உண்மை. ஆனால் இந்தக் கருவி வெளிவந்தபோது, தனித்து இயங்கும் வகை 5ஜியை மட்டுமே அது ஏற்றது. ஜியோவின் வலையமைப்பு அந்த வகையைச் சேர்ந்தது. ஏர்டெல்லின் 5ஜியோ அப்போது 4ஜி வலையமைப்பின் மேல் சார்ந்து இயங்கும் வகை. ஆகவே ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் இதை வாங்கினால் 4ஜி மட்டுமே கிடைக்கும் நிலை இருந்தது. 4ஜியில் அழைப்பும் காணொளி ஆலோசனையும் நன்றாகவே நடக்கும். அதனால் பேரிழப்பு ஒன்றுமில்லை. என்றாலும் 5ஜி என்ற ஒரு சொல்லுக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவருக்கு அது இழப்புதான். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் 4ஜி கருவி ஒன்று 7,299 ரூபாய்க்கு வந்திருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு 1,200 ரூபாய். கடையில் பணம் கொடுக்கும் முன் "என்னிடம் உள்ள சிம்மில் இது முழுமையாக வேலை செய்யுமா?" என்று ஒரு கேள்வி கேட்பது நன்று. முடிந்தால் சிம்மை அங்கேயே போட்டுப் பார்ப்பது இன்னும் நன்று.

நம் வட்டாரத்தில் சிம்மைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓசூரின் நடுவில் நன்றாக எடுக்கும் சிம், தளி, அஞ்செட்டி மலையோர ஊர்களில் வீட்டு வாசலில் மட்டும் எடுக்கும், வீட்டுக்குள் எடுக்காது. அவசர நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டிய வீட்டில் கருவியின் விலையைவிட இதுவே பெரிது. புதிய கருவி வாங்கும் முன், உங்கள் தெருவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் படுக்கையறை வரை வருகிறது என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். இரண்டு சிம் போடும் கருவி என்றால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் போட்டு வைப்பது நோயாளி வீட்டுக்கு நல்ல காப்பு.

கருவியின் விலையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், ரீசார்ஜைப் பற்றிப் பேசுவதில்லை. 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபின் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 299 ரூபாய் ஆனது. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும், 3,887 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 7,774 ரூபாய். கருவி நான்கு ஆண்டு உழைத்தால் ரீசார்ஜுக்கு மட்டும் 15,548 ரூபாய். 8,499 ரூபாய்க் கருவியை நான்கு ஆண்டு பயன்படுத்தினால் மாதத்துக்கு ஏறத்தாழ 177 ரூபாய்தான் வருகிறது. அதை உயிரோடு வைத்திருக்கும் ரீசார்ஜுக்கு மாதம் 300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாங்க முடியுமா என்று மட்டும் எண்ணாமல், வைத்துக் காப்பாற்ற முடியுமா என்றும் எண்ண வேண்டும். ரீசார்ஜ் முடிந்து அணைந்து கிடக்கும் திறன்பேசியைவிட, ஒலிக்கும் பட்டன் போன் மேல்.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவிலேயே சிலர், "இன்னும் மூவாயிரம் கூடப் போட்டு நல்ல கருவியாக வாங்கிவிட்டால் ஐந்தாறு ஆண்டு கவலையில்லை, மலிவானதை வாங்கி இரண்டு ஆண்டில் தூக்கிப் போடுவதே பெருஞ்செலவு" என்கின்றனர். கையில் பணம் இருப்பவருக்கு இது சரியான அறிவுரை. ஆனால் நம்மிடம் வருவோரில் பலர் அந்த மூவாயிரத்தைத் தவணைக் கடனாகவே பெறுவர். தவணைக் கடனில் தரப்படும் சில கருவிகளில், மாதப் பணம் கட்டத் தவறினால் கருவியைப் பூட்டிவிடும் செயலி இருக்கிறது. வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் முதலில் தவறுவது தவணைதான். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவேண்டிய அதே வாரத்தில் கைப்பேசி பூட்டிக் கிடந்தால் அந்த வீடு என்ன செய்யும்? ஆகவே நோயாளி வீட்டுக்கு எங்கள் கருத்து இதுதான்: கையில் உள்ள பணத்துக்குள் வாங்குங்கள். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள். தவணை தவிர்க்க முடியாதது என்றால் முன்பணம், பதிவுக் கட்டணம், எல்லாத் தவணைகள் ஆகியவற்றைக் கூட்டி, வரும் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

எல்லை தாண்டினால் மலிவு என்ற எண்ணமும் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இரு மாநிலங்களிலும் வெவ்வேறு விற்பனை வரி இருந்த காலத்தில் அதற்கு ஓரளவு காரணம் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கைப்பேசிக்கு ஒரே வரி. 2020 ஏப்ரல் முதல் அது 18 விழுக்காடு. அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் வரை போய்வரும் செலவையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தால், ஐந்நூறு ரூபாய்த் தள்ளுபடி கரைந்துவிடும். பழுது பார்க்கும் மையம் உங்கள் ஊரிலோ ஓசூரிலோ இருக்கிறதா என்று பார்ப்பதே அதைவிடப் பயன் தரும். பயன்படுத்திய கருவியை வாங்குவோர் *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். திருட்டுக் கருவியை அறியாமல் வாங்கியவரும் அலைச்சலுக்கு ஆளாவார்.

சில எச்சரிக்கைகளை மருத்துவமனை என்ற முறையில் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. கருவிக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவோ இரத்த அழுத்தமோ காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதற்கு உரிய கருவிகள் வேறு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அவசரகாலத் தகவல் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் இரத்த வகை, ஒவ்வாத மருந்து, உறவினர் எண் ஆகியவற்றைப் பதிந்து வைத்தால் பூட்டிய திரையிலிருந்தே பிறர் பார்க்க முடியும். வழியில் மயங்கி விழுந்தவரைக் கொண்டுவரும்போது இந்த ஒரு பக்கம் எங்களுக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி முடியாது. மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவர் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எல்லா நோயாளிக்கும் திறன்பேசி வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் விடை. கண்புரை முற்றிய எழுபது வயது அம்மையாருக்குத் தொடுதிரை ஒரு சுமை. அவருக்கு உரக்க ஒலிக்கும் பட்டன் போனும், அறிக்கைகளைப் பெற்றுக்கொள்ள மகனுடைய அல்லது மருமகளுடைய திறன்பேசியும் போதும். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இட்ட உத்தரவின்படி, இணையம் இல்லாமல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் 2025 ஜனவரியில் கொண்டுவந்தன. பட்டன் போன் வைத்திருப்பவர் பயன்படுத்தாத இணையத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கடையில் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பல ஆலைகளில் வேலைக்கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஷிப்ட் நேரத்தில் எடுக்கக்கூடிய இன்னொருவர் எண்ணையும் எங்கள் பதிவேட்டில் தவறாமல் எழுதிக் கொடுங்கள்.

இறுதியாக, எங்களைப் பற்றியும் பேச வேண்டும். அந்த மகன் தன் சேமிப்பிலிருந்து எட்டாயிரம் ரூபாயை எடுக்க எண்ணியது திறன்பேசி மோகத்தால் அன்று. அறிக்கை கைப்பேசிக்கு வரும், டோக்கன் கைப்பேசியில் காட்டுங்கள், ஓடிபி வரும் வரை நில்லுங்கள் என்று நாங்கள் வரிசையாகச் சொன்னதால். வசதி என்று எண்ணி நாங்கள் செய்தது, வசதியற்றவருக்கு ஒரு செலவாக மாறிவிட்டது. டிஜிட்டல் மருத்துவக் கணக்கான ஆபா எண்கூட மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது, கட்டாயமன்று. அரசே கட்டாயமாக்காத ஒன்றை ஒரு சாளரத்தின் பழக்கம் கட்டாயமாக்கிவிடக் கூடாது.

2021 ஆகஸ்டு 5 அன்று, மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரும் திட்டம் அது. அந்த வாசலில் நிற்கும் பணியாளர், "உங்களிடம் திறன்பேசி இருக்கிறதா?" என்று கேட்டபின் மாத்திரை தருவதில்லை. அந்த முறை இந்த மாவட்டத்தில் தொடங்கியது என்பதை நாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த மடலின் வழியாக எங்கள் நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். கேட்பவர்க்கெல்லாம் பரிசோதனை அறிக்கையைத் தாளில் அச்சிட்டுக் கட்டணமின்றித் தர வேண்டும். டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுவதோடு வாயாலும் அழைக்க வேண்டும். தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் அழைத்தால் இன்னும் நல்லது. திறன்பேசி இல்லாதவருக்கென ஒரு தனிச் சாளரம் வேண்டும். அங்கே எந்த வேலையும் கைப்பேசி இல்லை என்பதால் நிற்கக் கூடாது.

இவை நடந்தபின், திறன்பேசி வாங்குவது உங்கள் விருப்பமாக இருக்கும். எங்கள் வற்புறுத்தலாக இராது. அப்போது உதவி மேசைக்கு வரும் மகனிடம் நாங்கள் இப்படிச் சொல்ல முடியும்: "தம்பி, உங்கள் தெருவில் எடுக்கும் சிம், அம்மாவின் கையில் அடங்கும் அளவு, அவர் காதுக்குக் கேட்கும் ஒலி, நான்கு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஓசூரிலேயே பழுது பார்க்கும் இடம். இவற்றைப் பார்த்து வாங்குங்கள். இந்த மாத மருந்தை வாங்கியபின் வாங்குங்கள். அதுவரை, அம்மாவின் அறிக்கை இதோ, தாளில் இருக்கிறது."